குட்டியில் வரி, பெரிசானால் புள்ளி

மேலூர் ரோடு,
ஸ்ரீரங்கம்,
11-2-1962

மாப்பிள்ளை தங்கையன் அவர்களுக்கு, மாமியார் அழகம்மாள் ஆசீர்வாதம்.

முதலில் வீட்டுப் பிள்ளைகள் சங்கதி. அதை முழுதும் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். நடுவில் தாண்டக் கூடாது.

என் மகன் வீரமலையின் மூத்தவன் மருதை, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாக எடுபட்டுவிட்டான். எத்தனையோ பேர் வரிசையில் நின்ற இடத்தில் இவன் பேரைத்தான் முதலில் கூப்பிட்டார்களாம். அப்பனும் மகனும் ஒரே ஷிப்டுக்கு ஆளுக்கொரு சைக்கிளில் போகிறார்கள். அவர்கள் காவிரிப் பாலம் ஏறும்வரை நான் வாசலில் நின்று பார்க்கிறேன். பாலம் இங்கிருந்து தெரியாது. ஆனாலும் நிற்கிறேன். இளையவன் ரத்தினவேல் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. "மீதி ரெண்டு எங்கடா?" என்று கேட்டேன். "வாத்தியார் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கிட்டாரு அப்பாயி" என்கிறான். வாய்க்கும் மார்க் போட்டால் நூறு வாங்குவான்.

உங்கள் மகள் வள்ளிக்கண்ணு ஆத்திசூடி முழுதும் சொல்கிறாள். நடுவில் ஒன்றிரண்டை விழுங்கிவிடுகிறாள், ஆனால் நிறுத்தாமல் சொல்கிறாள். கோயில் யானை தெருவில் வந்தால் மற்றப் பிள்ளைகள் ஓட, இவள் மட்டும் நின்று பழம் கொடுக்கிறாள். முடி இடுப்பைத் தொடப் போகிறது. என் மகள் பொன்னுத்தாய்க்கு இருந்த அதே முடி. பின்னும்போது என் கைக்கு அது தெரிகிறது.

நீங்கள் கடைசியாக வந்தது அவள் காதுகுத்துக்கு. அதுவும் ஒரு பகல் இருந்துவிட்டு ரயிலேறினீர்கள். அப்போது எடுத்த அவள் படம் உங்களிடம் இருக்கிறது. அவளுக்கு உங்களைக் கல்யாணப் படத்தில்தான் தெரியும். மீசையும் மாலையுமாக நிற்கிறீர்கள், பக்கத்தில் என் மகள். விளக்கு வைத்ததும் அதைப் பார்த்து, "அப்பா, நான் சாப்பிட்டாச்சு. அம்மா, நான் சாப்பிட்டாச்சு" என்று இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சொல்கிறாள். ஒருவர் இல்லை, ஒருவர் இருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

நம் வழக்கப்படி நான் உங்கள் எதிரே நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று யாரையாவது விட்டுச் சொல்வேன். காகிதத்துக்குக் கதவு இல்லாததால் நேராகவே கேட்கிறேன். இப்போது நீங்கள் இருக்கிறபடி ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பவும். நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் திருத்திப் படிக்கவும்.

இப்படிக்கு,
அழகம்மாள்


மண்டபம்,
4-3-1962

அத்தை அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி தாண்டாமல் படித்தேன். மருதைக்கும் ரத்தினவேலுக்கும் என் சந்தோஷத்தைச் சொல்லுங்கள்.

நான் சௌக்கியம். எழுதும்படி இங்கே ஒன்றும் இல்லை. மீன் இருக்கிறது, அதைப் பற்றி எழுதுகிறேன். போன மாதம் தீவுப் பக்கம் வலையில் ஒரு சுறா உயிரோடு வந்தது. ஆள் நீளத்துக்கு மேலே இருக்கும். அதில் பாதி வால். மஞ்சள் உடம்பு முழுக்கக் கரும்புள்ளி. மூக்கடியில் மீசை மாதிரி இரண்டு சின்ன இழை. எங்கள் மீன் ஆராய்ச்சி நிலையத்துத் தொட்டியில் விட்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வரிக்குதிரைச் சுறா என்று பெயர்.

நிறையச் சுறாக்களுக்கு நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. நின்றால் செத்துவிடும். இது அப்படி இல்லை. பகல் முழுக்க மணலில் படுத்திருக்கும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் தானாகப் போய்வரும். பவளப் பாறை ஓரம் இப்படி அசையாமல் கிடப்பதைப் பார்த்தால் செத்தது என்று நினைப்பார்கள். இருட்டினால் எழுந்து, இடுக்கில் நுழைந்து நத்தை, சிப்பி, நண்டு தின்னும். யாரையும் கடிக்காது. மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் அந்தத் தொட்டி ஓரம்தான் உட்காருகிறேன். அதுவும் படுத்திருக்கும், நானும் உட்கார்ந்திருப்பேன்.

அது வந்த வாரமே இரண்டு முட்டை போட்டது. ஒரு சாண் நீளம், கறுப்புத் தோல் பை மாதிரி. பக்கத்தில் நார் நாராக மயிர். கடலில் அந்த நாரால்தான் முட்டை பாறையில் ஒட்டிக்கொள்ளும். தாய் போட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு வரும்வரை காத்திருக்காது.

படம் எடுக்க இங்கே வசதி இல்லை. குழந்தை சௌக்கியம்தானே.

தங்கையன்


ஸ்ரீரங்கம்,
27-5-1962

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சித்திரையில் மாரியாத்தா நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் வேப்பிலை கட்டி, தாளிப்பு இல்லாமல் சமைத்து, தபால்காரரைக்கூடத் தெருவோடு நிறுத்திவிட்டோம். இறங்கி வந்த ஆத்தா உயிரைக் கேட்காமல் போனாள். சமயபுரத்துக்கு முடி கொடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று. இப்போது எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அவ்வளவுதான் சொல்ல வருகிறது.

உங்கள் சுறா கடிதத்தை வள்ளிக்கண்ணுவுக்குப் படித்துக் காட்டினேன். உடம்பில் புள்ளிதான் இருக்கிறது, ஒரு வரிகூட இல்லை, பிறகு எதற்கு வரிக்குதிரை என்று பேர் என்று கேட்கிறாள். சர்க்கஸ் வந்தபோது மருதை தோளில் உட்கார்ந்து வரிக்குதிரை பார்த்தவள். அப்பாவுக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

முட்டையைப் பாறையில் ஒட்டிவிட்டுத் தாய் திரும்பிப் பார்க்காது என்று எழுதியிருந்தீர்கள். அது மீன். அதற்கு அது வழக்கம். இதற்கு மேல் நான் எழுதினால் மாமியார் குத்திக் காட்டுகிறாள் என்பீர்கள்.

நீங்கள் எதைக் கேட்டாலும் பதில் எழுதத் தயாராக இருக்கிறேன். கேளுங்கள். படம் வரவில்லை.

அழகம்மாள்


மண்டபம்,
19-6-1962

அத்தை அவர்களுக்கு,

எல்லோரும் எழுந்து நடமாடுவது அறிந்து நிம்மதி.

குழந்தை கேட்டதற்குப் பதில். இந்தச் சுறா குட்டியாக இருக்கும்போது உடம்பு கறுப்பு, அதில் வெள்ளை வெள்ளையாகக் குறுக்கு வரி. பார்க்க வரிக்குதிரைதான். வளர வளர வரி உடைந்து, கறுப்பு சிதறிப் புள்ளியாகிவிடும். பெரிசானதில் வரியே இருக்காது. குட்டியைப் பார்த்தவர்கள் வைத்த பேர் கடைசிவரை நிற்கிறது. பழைய காலத்துப் பண்டிதர்கள் குட்டியை ஒரு ஜாதி, பெரிசை வேறு ஜாதி என்று நினைத்து இரண்டுக்கும் தனித்தனிப் பேர் வைத்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் ஒன்று என்று தெரிய வெகுநாள் ஆயிற்று.

முட்டை இரண்டும் தொட்டியில் அப்படியே இருக்கின்றன. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒன்றில் ஏதோ அசைகிறது. இன்னொன்றில் இல்லை.

மழை இல்லை. காற்று பலம். வேறு விசேஷம் இல்லை.

தங்கையன்


சென்னை,
6-8-1962

அத்தை அவர்களுக்கு,

நிலையத்து வேலையாக, மருந்தில் போட்ட மீன் பாட்டில்களைத் தகரப் பெட்டியில் எடுத்துக்கொண்டு சென்னை வந்திருக்கிறேன். வரும் வழியில் திருச்சி ஜங்ஷனில் ரயில் மாற நேரம் இருந்தது. ஸ்ரீரங்கம் பஸ் நின்றிருந்தது, ஏறிவிட்டேன். யோசித்து ஏறவில்லை.

அன்று ஆடிப் பதினெட்டு என்பது பாலத்துக் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் எல்லோரும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிருந்தீர்கள். கதவைத் தட்டினேன். ஒரு சின்னப் பையன் திறந்தான். மொட்டைத் தலை, டவுசர், முட்டியைத் தொடும் சட்டை. முகம் முழுக்க அம்மை வடு. அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

"வீட்டுல யாரும் இல்லையா தம்பி?" என்றேன்.

"எல்லாரும் ஆத்துக்குப் போயிருக்காங்க."

"வள்ளிக்கண்ணு?"

என்னைப் பார்க்காமல் என் கையிலிருந்த தகரப் பெட்டியைப் பார்த்தான். "அவ இல்ல. முசிறிக்குப் போயிட்டா. இனிமே வரவே மாட்டா."

"யாரு கூட போனா?"

"அவங்க அப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

பொய் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் மேலே கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் கேட்டேன். சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டுத் தூரப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். குடித்தேன். உட்கார்ந்து காத்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். ரயிலுக்கு நேரமும் இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

கரையில் ஒதுங்கிய காலியான சுறா முட்டைக் கூடு ஒன்றைக் குழந்தைக்குக் கொண்டுவந்திருந்தேன். வள்ளிக்கண்ணுவிடம் கொடு என்று அந்தப் பையன் பக்கத்தில் வைத்தேன். கொடுத்தானா? கெட்டிக்காரன்தான், யார் வீட்டுப் பிள்ளை?

தங்கையன்


ஸ்ரீரங்கம்,
12-8-1962

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை துடைத்துப் படித்தேன். படித்துவிட்டு மறுபடி அரிசி களைந்தேன். சோறு வடித்தேன். எல்லோருக்கும் போட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உங்களைத் திட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்குக்கு எல்லாப் பிள்ளைகளும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். வள்ளிக்கண்ணு மட்டும் வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "எனக்குப் பூ வைக்க எடமே இல்ல, நான் எதுக்கு?" என்றாள். அதற்கு முந்தின வாரம்தான் சமயபுரத்தில் முடி இறக்கியிருந்தோம். பாவாடை நாடா தழும்பில் உரசி எரிகிறது என்று ரத்தினவேலின் பழைய டவுசரைப் போட்டுவிட்டிருந்தேன். அடுத்த வீட்டு லூர்துராணியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனோம். அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாங்கள் திரும்பி வந்ததும் இவள் வாசலுக்கே ஓடி வந்தாள்.

"அம்மாயி, ஊசிக்காரரு வந்தாரு! நான் ஏமாத்திட்டேன்!"

"எந்த ஊசிக்காரரு?"

"அம்மை குத்துறவரு. தகரப் பெட்டி வச்சிருந்தாரு. மருந்து வாடை அடிச்சுது. வள்ளிக்கண்ணு எங்கன்னு பேரச் சொல்லியே கேட்டாரு அம்மாயி, எழுதி வச்சிருப்பாங்க போல. அவ இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன். நம்பிட்டாரு!"

"ஒனக்குத்தான் ஆத்தாளே வந்து போயிட்டாளே, இனிமே எவன்டி ஒனக்கு ஊசி போடப் போறான்?" என்று மருதை கேட்டான். "அது அவருக்குத் தெரியுமா?" என்றாள். எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு. சித்ரான்னத்தில் முதல் உருண்டையை அவள் கையில் வைத்தேன். பொன்மலையில் வீரமலை கூட்டாளிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறான். உங்களுக்கு எழுதும் அடுத்த கடிதத்தில், அவள் சாமர்த்தியங்களோடு இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கதவைத் திறந்தது அவள்தான். தண்ணீர் கொடுத்ததும் அவள்தான்.

மாரியாத்தா வந்து போனாள் என்று வைகாசியில் எழுதினேன். யாருக்கு என்று எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. யாருக்கு, எப்படி இருக்கிறாள், கண் தப்பியதா என்று பதறிக்கொண்டு ஒரு கார்டாவது வரும் என்று இருந்தேன். மழை இல்லை, காற்று பலம் என்று வந்தது. கண் தப்பியது. முகம் நீங்கள் பார்த்ததுதான்.

குட்டியில் வரி, பெரிசானால் புள்ளி, இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு எழுதிச் சொன்னவர் நீங்கள். எதிரே நின்றதைத் தம்பி என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. மீசை வைத்து மாலை போட்டவர்தான் அவளுக்கு அப்பா. நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன். "தாடி வச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டு, தூக்கக் கலக்கமா இருந்தாரு" என்றாள்.

அழகம்மாள்


மண்டபம்,
25-8-1962

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

அந்த முகத்தில் நான் வடுவை மட்டும் பார்த்திருக்கிறேன். இப்போது கண்ணை மூடினால் தூணைப் பிடித்த கைதான் தெரிகிறது. கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடித்திருந்தாள். பொன்னுத்தாய் அப்படித்தான் கதவைப் பிடிப்பாள். அன்றைக்கும் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தது உள்ளே போகவில்லை.

பொன்னுத்தாய் போனதிலிருந்து எனக்கு எதுவும் உள்ளே போவதில்லை. தண்ணீர் வருகிறது, போகிறது, அவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று ஒரு முட்டை பொரிந்தது. என் முழங்கை நீளம்கூட இல்லை. உடம்பு முழுக்க வரி. வாலைச் சுற்றிக்கொண்டு தொட்டி மூலையில் நிற்கிறது. தினம் பார்ப்பவனுக்கு வரி புள்ளியாவது தெரியாமல் நடக்கும். விட்டுவிட்டு வந்து பார்ப்பவனுக்குத்தான் அது வேறு மீன்.

இன்னொரு முட்டை பொரியாது.

நான் அங்கே வரலாமா? வர வேண்டாம் என்று நீங்கள் எழுதினாலும் அது நியாயம்தான். எதுவானாலும் எழுதுங்கள்.

தங்கையன்


ஸ்ரீரங்கம்,
9-9-1962

மாப்பிள்ளைக்கு,

பதில் உடனே எழுதாததற்குக் காரணம், கூட வைக்க ஒன்று தயாராக வேண்டியிருந்தது. இதோ வைத்திருக்கிறேன். வள்ளிக்கண்ணுவின் புதுப் படம். மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து அனுப்புகிறேன். பிரிக்கும்போது பார்த்துப் பிரியுங்கள்.

கோயில் கோபுரத்துக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்தது. ஸ்டூடியோக்காரர் அப்துல் மாலிக் நல்ல மனுஷர். "பாட்டிம்மா, ஒண்ணும் கவலப்படாதீங்க. பென்சில்ல டச் பண்ணிக் குடுத்துடறேன், ஒரு தழும்பு தெரியாது, சந்தனம் மாதிரி இருக்கும் முகம்" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு சொன்னேன்: "வேணாங்க. இவளோட அப்பா மீனுக்கெல்லாம் புள்ளி பாத்து அடையாளம் சொல்றவரு. ஒரு புள்ளியும் அழிக்காதீங்க." அவர் அப்படியே கொடுத்திருக்கிறார். தலையில் முடி முள் முள்ளாக வந்திருக்கிறது பாருங்கள். அதில் ஒரு மல்லிகையைச் சொருகி, நிற்கவில்லை, கீழே விழுந்து, அதற்குச் சிரித்தபோது எடுத்தது. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. டீச்சர் கேட்ட கேள்விக்கெல்லாம் முதலில் கை தூக்குகிறாளாம். விடை தெரியாவிட்டாலும் தூக்குகிறாளாம்.

ஊசிக்காரர் யார் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஏமாற்றிவிட்ட பெருமையில் இருக்கிறாள். அதை ஏன் பிடுங்குவது? எப்போது சொல்ல வேண்டுமோ அதை நீங்களே சொல்லுங்கள். முட்டைக் கூட்டைத் தூக்கி எறிந்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. உள்ளே புளியங்கொட்டை போட்டுக் கல்யாணப் படத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள். "ஊசிக்காரரு வள்ளிக்கண்ணுகிட்டக் குடுக்கச் சொன்னாரு, குடுத்துட்டேன்" என்கிறாள்.

வரலாமா என்று கேட்டீர்கள். உள்ளே ஒன்றும் போவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, இருக்கிறது. பிள்ளைகள் ஜெயித்ததை ஒவ்வொன்றாக உங்களுக்கு எழுதுவேனே, அதை எழுதி முடிக்கும்வரை எனக்கு மூச்சு ஓடும். அதற்காகத்தான் எழுதுவேன். பொன்னுத்தாய் பேர் அந்த வரிசையில் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு எழுதுவேன்.

வாருங்கள். தீபாவளிக்கு வாருங்கள். தகரப் பெட்டி வேண்டாம், மருந்து வாடை போகக் குளித்துவிட்டு வாருங்கள். நீங்கள் வரும்போது நான் கதவுக்குப் பின்னால் நிற்க மாட்டேன். வயசாகிவிட்டது. ஊர் என்ன சொன்னாலும் சரி, வாசலில் நின்று, "வாங்க தம்பி, உங்க மக உள்ள இருக்கா" என்று நானே சொல்வேன்.

ஆனால் உங்களுக்கு முன்னால் உங்கள் படம் வர வேண்டும். மண்டபத்தில் வசதி இல்லையென்றால் ராமநாதபுரம் போய் எடுங்கள். தாடி இருந்தால் தாடியோடு, கண்ணாடியோடு, தூக்கக் கலக்கம் இருந்தால் அதோடு. பென்சில் வைக்க விடாதீர்கள். கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டேன். சாப்பிட்டாச்சு என்று அந்த முகத்துக்கும் சொல்லி அவள் பழகட்டும். இல்லாவிட்டால் மறுபடி உங்களை முசிறிக்கு அனுப்பிவிடுவாள்.

புதுப் படம், மாப்பிள்ளை. மறக்காமல் தபாலில் சேர்க்கவும்.

அழகம்மாள்